ஃபேமிலி கான்ஸ்டலேஷன் நடத்தக் கத்துக்கறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஒரே ஒரு தடவை பார்த்துட்டு, அழுதுட்டு, வீட்டுக்கு வந்து தூக்கம் வராம படுத்திருந்து, மறுநாள் காலைல "நானும் இத நடத்தக் கத்துக்கணும்"னு முடிவு பண்ணினவங்க நிறைய பேர், நானும் அப்படித்தான் வந்தேன். அது நல்ல ஆசைதான். வெளிய இருந்து பார்க்கும்போது இது ரொம்ப சுலபமா தெரியும், நடத்தறவர் அதிகம் பேசறதே இல்ல, நாலு பேர நிக்க வைக்கறார், ரெண்டு வாக்கியம் சொல்லச் சொல்றார், எதிர்ல இருக்கறவங்க முகமே மாறிப் போகுது. அந்த அதிகம் பேசாம இருக்கறதக் கத்துக்கத்தான் வருஷக்கணக்கா ஆகுது. இந்தக் கட்டுரைல நான் சொல்லப் போறதுல பாதிக்கு மேல எப்போ நிறுத்தணும், எத சொல்லக் கூடாதுங்கறது பத்தித்தான் இருக்கும், ஏன்னா அதத்தான் யாரும் எனக்கு முதல்லயே சொல்லித் தரல.

இன்னும் பார்க்காதவங்களுக்கு ஒரு வரில சொல்லிடறேன். ஒருத்தர் தன்னோட பிரச்சனைய கொண்டு வர்றார் (இவரத்தான் க்ளையண்ட்னு சொல்வோம்), குரூப்ல இருக்கற யாரையாவது தன் அம்மாவா, அப்பாவா, தனக்கு பதிலா நிக்கறவரா தேர்ந்தெடுத்து, மனசுல படற இடத்துல கொண்டு போய் நிறுத்தறார், அப்படி நிக்கற பிரதிநிதிகள் தங்களுக்கு உடம்புல என்ன தெரியுதுன்னு சொல்றாங்க, அத வச்சு ஃபெசிலிடேட்டர், அதாவது நடத்தறவர், அவங்க இடத்த மாத்தறார், விட்டுப் போனவங்கள சேர்க்கறார், சின்னச் சின்ன வாக்கியங்கள் சொல்ல வைக்கறார், குடும்பத்துக்குள்ள ஒரு புது அமைப்ப க்ளையண்ட் தன் கண்ணால பார்த்துட்டுப் போறார்.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல படிங்க

வரலாறு எதுக்குன்னு தாண்டிப் போயிடாதீங்க, இந்த முறைல இருக்கற நல்லது கெட்டது ரெண்டும் அங்கதான் இருக்கு. இத உருவாக்கினவர் ஜெர்மனிக்காரர் பெர்ட் ஹெலிங்கர், 1925ல பிறந்து 2019ல காலமானார். கத்தோலிக்கப் பாதிரியாரா தென்னாப்பிரிக்கால ஸூலு மக்களோட 16 வருஷம் இருந்தவர், அப்புறம் பாதிரியார் பணிய விட்டுட்டு சைக்கோதெரபி பக்கம் வந்தார். ஆனா ஆட்கள நிக்க வச்சு குடும்பத்தக் காட்டறது அவர் கண்டுபிடிச்சதில்ல. ஜேக்கப் மொரேனோவோட சைக்கோடிராமா, அதாவது பிரச்சனைய நடிச்சுப் பார்க்கற தெரபி, அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு, வர்ஜீனியா சட்டீர் குடும்பத்த சிலை மாதிரி நிறுத்திக் காட்டற வேலைய பண்ணிட்டிருந்தாங்க, குடும்பத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விசுவாசம் தலைமுறை தாண்டி வேலை செய்யுதுங்கறத ஐவன் போஸோர்மெனி நாகி 1973லயே புத்தகமா எழுதிட்டார். இந்த மூணு பேரையும் கொஞ்சமாவது படிச்சுட்டு ஹெலிங்கர்கிட்ட வந்தீங்கன்னா அவர் சொல்றத எல்லாம் வேதவாக்கா எடுத்துக்க மாட்டீங்க.

எடுத்துக்கவும் கூடாது. 1997ல லைப்ஸிக் நகரத்துல அவரோட செமினார்ல கலந்துக்கிட்ட ஒரு பெண் அதுக்கப்புறம் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, அது ஜெர்மனில பெரிய விவாதமாச்சு. 2004ல சிஸ்டமிக் தெரபிஸ்டுகள் (ஒருத்தரோட பிரச்சனைய குடும்பம், உறவுகளோட சேர்த்துப் பார்க்கறவங்க) சேர்ந்து போட்ஸ்டாம் அறிக்கைன்னு ஒண்ணு வெளியிட்டு, ஹெலிங்கர் நடத்தற விதத்துலேருந்து தங்கள விலக்கிக்கிட்டாங்க. முக்கியமா எதிர்த்தது அந்த அதிகாரத் தொனிய, "நான் பார்த்துட்டேன், இதான் உண்மை"ங்கற மாதிரி பேசறத, அப்புறம் வீட்டுக்குள்ளயே பாலியல் கொடுமைக்கு ஆளானவங்கள கொடுமை பண்ணினவர் முன்னாடி தலை குனிய வைக்கறத. இன்னைக்கும் சில இடங்கள்ல இது நடக்குது. அப்படி ஒரு ட்ரெய்னர பார்த்தீங்கன்னா எவ்ளோ பேர் புகழ்ந்தாலும் அங்க கத்துக்காதீங்க.

வேலை செய்யுதான்னு கேட்டா, ஆராய்ச்சி கொஞ்சம் இருக்கு. ஹைடல்பெர்க்ல 208 பேர குலுக்கல் மாதிரி ரெண்டு குழுவா பிரிச்சு பண்ணின ஒரு ரேண்டமைஸ்டு ஸ்டடி 2013ல வந்துச்சு, கலந்துக்கிட்டவங்களோட மன அழுத்தம் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தவங்கள விட குறைஞ்சிருந்துச்சு. 2021ல அதுவரைக்கும் வந்த 12 ஸ்டடிகள சேர்த்துப் பார்த்தப்போ 9ல முன்னேற்றம் தெரிஞ்சுது, ஆனா சில பேருக்கு மோசமானதும் அதுல பதிவாகியிருக்கு. நம்பிக்கை தர்ற ஆரம்பம், அவ்ளோதான். முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் பிரதிநிதியா நிக்கும்போது ஏன் அப்படி உணர்றார்ங்கறதுக்கு அறிவியல் ஒத்துக்கிட்ட விளக்கம் இல்ல. "குவாண்டம்"னு ஆரம்பிச்சு விளக்காதீங்க, க்ளையண்ட் கேட்டா "எப்படின்னு நிரூபிச்ச விளக்கம் கிடையாது, உங்களுக்கு உபயோகமா இருக்கான்னு மட்டும் பார்ப்போம்"னு சொல்லுங்க, அத சொல்ல முடியறவங்கள ஜனங்க அதிகமாத்தான் நம்பறாங்க.

முதல் வருஷம்: நிக்கக் கத்துக்கோங்க

நடத்தறதப் பத்தி யோசிக்காதீங்க, முதல்ல பிரதிநிதியா நில்லுங்க. என் கணக்குக்கு ஒரு 30, 40 தடவையாவது, அதுவும் வேற வேற ஃபெசிலிடேட்டர்கள்கிட்ட. வட்டத்துல உட்கார்ந்து பார்க்கற நேரமும் படிப்புதான், ஆனா நிக்கறப்போ கிடைக்கறது வேற.

எப்படி நிக்கறதுன்னா, உங்கள கொண்டு வந்து நிறுத்தினதும் உள்ளங்கால்ல ஆரம்பிங்க, எடை எந்தக் கால்ல இருக்கு, முன்னாடி சாயுதா பின்னாடி சாயுதா, கண்ணு எங்க போகுது, யார பார்க்க முடியல, கை சூடா இருக்கா, மூச்சு எங்க நிக்குது. கேட்டா அத மட்டும் சொல்லுங்க. "இடது பக்கம் கனமா இருக்கு, எதிர்ல நிக்கறவர பார்க்க முடியல, தரையத்தான் பார்க்கத் தோணுது" இது நல்ல பதில். "இந்த அப்பா ஏதோ தப்பு பண்ணியிருக்கார், குற்ற உணர்ச்சில இருக்கார்" இது கதை. உடம்புல தெரியறதுக்கும் நம்ம மண்டை கட்டற கதைக்கும் நடுவுல இருக்கற அந்தக் கோட்ட பார்க்கப் பழகறதுதான் முதல் வருஷத்து வேலை மொத்தமும். ஒண்ணுமே தெரியலன்னா "ஒண்ணும் தெரியல"ன்னு சொல்லுங்க, அதுவும் தகவல்தான், நாடகம் வேண்டாம்.

முடிஞ்சதும் அந்த வேஷத்த கழட்டணும். கைய உதறி, நாலடி நடந்து, தண்ணி குடிச்சு, "நான் இன்னார், நான் அவரோட அம்மா இல்ல"ன்னு உங்க பேர வாய் விட்டுச் சொல்லி, க்ளையண்ட்டுக்கும் "நான் நானா ஆயிட்டேன்"னு தெரியற மாதிரி. இத அலட்சியமா விட்டுட்டு ரெண்டு நாள் தலைவலியும் காரணமில்லாத அழுகையுமா இருந்தவங்கள பார்த்திருக்கேன், அதுல எந்த மர்மமும் இல்ல, உடம்பு ஒரு உணர்ச்சில கொஞ்ச நேரம் இருந்துச்சு, யாரும் அத முடிச்சு வைக்கல.

அதே சமயத்துல உங்க குடும்பத்த எழுதி வைங்க

ஒரு பெரிய பேப்பர் எடுத்து மூணு தலைமுறைக்கு ஜெனோகிராம், அதாவது குறியீடுகளோட குடும்ப வரைபடம், போடுங்க. ஆணுக்கு சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவங்களுக்கு உள்ள பெருக்கல் குறி, கல்யாணத்துக்கு ஒரு கோடு, அதுலேருந்து பிள்ளைகள் மூத்தவங்கள்லேருந்து இடமிருந்து வலமா. போட்டுட்டு இந்தக் கேள்விகளுக்கு பதில் தேடுங்க: சின்ன வயசுல யார் இறந்தாங்க, பிறக்கும்போதே இறந்த குழந்தை உண்டா, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முந்தின துணை இருந்தாங்களா, யார் பேர வீட்ல எடுக்கவே மாட்டாங்க, யார தத்து கொடுத்தாங்க, யார் ஜெயிலுக்குப் போனாங்க, யாரோட பங்க யார் எடுத்துக்கிட்டாங்க, யார் ஊர விட்டு ஓட வேண்டி வந்துச்சு.

பேப்பர்ல எந்த இடத்துல உங்க பேனா நிக்குதோ அங்கதான் நீங்க நாளைக்கு ஃபெசிலிடேட்டரா தடுமாறுவீங்க. எங்க வீட்ல பேசாத ஒரு விஷயம் இருந்துச்சு, அது என்னன்னு இங்க வேண்டாம், ஆனா அதே விஷயத்தோட ஒரு க்ளையண்ட் வந்தப்போ நான் அவசர அவசரமா சமாதானம் பண்ணி வைக்கப் பார்த்தேன், அவங்களுக்காக இல்ல, எனக்காக. என் வேலைய பார்த்து வழிகாட்டற சூப்பர்வைசர் சொல்லித்தான் அதுவே எனக்குத் தெரிஞ்சுது. அதனால உங்க சொந்த கான்ஸ்டலேஷன வேற ஒருத்தர்கிட்ட பண்ணிக்கோங்க, ஒரு தடவை பத்தாது, ஆனா ஒரே விஷயத்த மாசா மாசம் தோண்டறதும் வேண்டாம்.

மூணு ஒழுங்கு, அத கையாள்ற விதம்

எங்க படிச்சாலும் மூணு விஷயம் சொல்லித் தருவாங்க. குடும்பத்துல பிறந்த எல்லாருக்கும் அதுல இடம் உண்டு, யாரையும் வெளிய தள்ள முடியாது. முன்னாடி வந்தவங்களுக்கு முன் இடம். கொடுக்கல் வாங்கல்ல ஒரு சமநிலை வேணும், அதுவும் பெத்தவங்க கொடுக்கறாங்க, பிள்ளைங்க வாங்கிக்கறாங்க, அது தலைகீழா ஆகும்போது பிள்ளை பெரியவங்க பாரத்த தூக்குது.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன், யாரோட நிஜக் கதையும் இல்ல, ஆனா இந்த வடிவம் அடிக்கடி வரும். ஒருத்தர் வந்து "எதுலயும் எனக்குன்னு ஒரு இடம் இல்லாத மாதிரியே இருக்கு, எல்லாரையும் நான்தான் தாங்கணும்"னு சொல்றார். நீங்க எத்தனாவது பிள்ளைன்னு கேட்டா மூத்தவன்ங்கறார். அதுக்கு முன்னாடி யாராவது இருந்தாங்களான்னு கேட்டா கொஞ்சம் யோசிச்சு, பிறந்து மூணாவது நாள் இறந்து போன ஒரு அக்கா, பேர் கூட வைக்கலன்னு சொல்றார். அந்த அக்காவுக்கு ஒரு பிரதிநிதிய அம்மா பக்கத்துல நிறுத்தினதும் அதுவரைக்கும் ஜன்னலையே பார்த்துட்டிருந்த அம்மா பிரதிநிதி திரும்பறாங்க. அவர அந்த அக்கா முன்னாடி நிக்க வச்சு "நீ முதல், நான் ரெண்டாவது"ன்னு சொல்லிப் பார்க்கச் சொல்றோம். அவ்ளோதான். சில பேருக்கு அந்த ஒரு வாக்கியத்துல தோள் இறங்கும், பல வருஷமா தூக்கிட்டிருந்தத கீழ வச்ச மாதிரி. சில பேருக்கு ஒண்ணும் ஆகாது, அப்போ நம்ம யூகம் தப்பு, விட்டுடணும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். இந்த மூணும் சட்டம் கிடையாது, பார்க்கறதுக்கு ஒரு கண்ணாடி. "பெத்தவங்களுக்கு மரியாதை கொடுக்கலன்னா உன் வாழ்க்கை உருப்படாது"ன்னு இத சாபம் மாதிரி சொல்றவங்க இருக்காங்க, அடி வாங்கி வளர்ந்த ஒரு பிள்ளைகிட்ட அத சொல்றது ரெண்டாவது அடி. அப்பா கொடுத்தது உயிர், அத ஏத்துக்கலாம், அவர் பண்ணின கொடுமைய அவர்கிட்டயே விட்டுடலாம், ரெண்டும் தனித்தனி. பக்கத்துல போகாம தூரமா நின்னே பார்க்கலாம், பார்க்காமயே இருக்கறதும் அவங்க உரிமை.

ட்ரெய்னிங் தேடும்போது

உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரே லைசன்ஸ்னு இதுக்கு எதுவும் இல்ல, அதனால சர்டிஃபிகேட்ட பார்த்து மயங்க வேண்டாம். ட்ரெய்னர்கிட்ட நேரா கேளுங்க: உங்க அடிப்படைத் தொழில் என்ன, சைக்காலஜியா கவுன்சிலிங்கா வேறயா? ட்ராமா (மனசுல ஆறாத அதிர்ச்சி) பத்தி எத்தனை மணி நேரம் சொல்லித் தருவீங்க? நான் நடத்தறத நீங்க பக்கத்துல இருந்து எத்தனை தடவை பார்ப்பீங்க? ஒருத்தருக்கு செஷனுக்கு அப்புறம் மோசமானா என்ன பண்ணுவீங்க? கடைசிக் கேள்விக்கு "அப்படி ஆகாது, ஃபீல்டு (கான்ஸ்டலேஷன்ல உருவாகறதா சொல்ற கண்ணுக்குத் தெரியாத சக்தி) பார்த்துக்கும்"னு பதில் வந்தா நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க. ரெண்டு நாள்ல ஃபெசிலிடேட்டர் ஆக்கறேன்னு சொல்ற இடங்களும் வேண்டாம்.

உங்களுக்கு கவுன்சிலிங் பின்புலம் இல்லன்னா அத முதல்ல கத்துக்கோங்க, கேக்கறது, ரகசியம் காக்கறது, எங்க நம்ம எல்லை முடியுதுன்னு தெரியறது, இதெல்லாம் இல்லாம கான்ஸ்டலேஷன் மட்டும் தெரிஞ்சா ஆபத்து. உங்க நாட்டு விதியையும் பாருங்க, ஒரே நாட்லயே ரெண்டு கருத்து இருக்கும், பிரேசில்ல 2018ல அரசு சுகாதாரத் துறை இத துணை முறைகள் பட்டியல்ல சேர்த்துச்சு, 2023ல அங்க இருக்கற சைக்காலஜி கவுன்சில் இது சைக்காலஜிஸ்ட் தொழிலோட ஒத்துப் போகாதுன்னு குறிப்பு வெளியிட்டுச்சு. லைசன்ஸ் இல்லாதவங்க இத "சிகிச்சை"ன்னு விளம்பரம் பண்ணாதீங்க.

மேஜை மேல ஆரம்பிங்க

ஆள வச்சு பண்றதுக்கு முன்னாடி சின்ன மர பொம்மைகள், இல்லன்னா தரைல பேப்பர் துண்டுகள் வச்சு ஒருத்தரோட மட்டும் பண்ணிப் பழகுங்க. பேப்பர்ல எந்தப் பக்கம் பார்க்கறாங்கன்னு ஒரு அம்புக்குறி போட்டு, க்ளையண்ட்டே வைக்கட்டும். நீங்க "யார் யார பார்க்கறாங்க, நடுவுல எவ்ளோ தூரம் இருக்கு, யார் இல்ல"ன்னு மட்டும் கேளுங்க. கூடப் படிக்கறவங்களோட இத 15, 20 தடவை பண்ணினீங்கன்னா குரூப் முன்னாடி நிக்கும்போது கை நடுங்காது.

முதல் குரூப்

சின்னதா வைங்க, 8லேருந்து 12 பேர் போதும், ஒரு நாளைக்கு 3 கான்ஸ்டலேஷனுக்கு மேல வேண்டாம், கூட அனுபவமுள்ள ஒரு உதவியாளர் கட்டாயம். வர்றவங்களோட ஒரு வாரம் முன்னாடியே தனியா பேசிடுங்க. இப்போ தற்கொலை எண்ணம் இருக்கா, சைக்கோசிஸ் மாதிரி, எது நிஜம்னு பிரிச்சுப் பார்க்க முடியாத நிலைல இருக்காங்களா, மருந்த சமீபத்துல நிறுத்தினாங்களா, போன மாசம் யாராவது இறந்தாங்களா, இதெல்லாம் கேளுங்க. இருந்தா மறுத்துடுங்க, மறுக்கறதோட விடாம சரியான டாக்டர்கிட்ட அனுப்புங்க. இதுல தயக்கம் காட்டினா அத விட பெரிய தப்பு இந்த வேலைல கிடையாது.

அன்னைக்கு, க்ளையண்ட் பக்கத்துல உட்கார்ந்து "இன்னைக்கு முடிஞ்சதும் எது மாறியிருந்தா நல்லாருக்கும்"னு கேளுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல பேச விடாதீங்க, யார் நல்லவங்க யார் கெட்டவங்கங்கற கதை வேண்டாம், நடந்தது மட்டும் போதும், யார் பிறந்தாங்க யார் இறந்தாங்க யார் பிரிஞ்சாங்க. அப்புறம் ரெண்டு மூணு பிரதிநிதிகளோட ஆரம்பிங்க, புதுசா பண்றவங்க எல்லாரும் பண்ற தப்பு தாத்தா பாட்டி வரைக்கும் ஒரேயடியா நிறுத்தி ரூம நிரப்பறது, அதுக்கப்புறம் யார பார்க்கறதுன்னே தெரியாது. க்ளையண்ட் ஒவ்வொருத்தரையும் பின்னாடியிருந்து தோள்ல கை வச்சு மெதுவா கூட்டிட்டுப் போய் நிறுத்தட்டும், தொடறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும். நிறுத்தினதும் நீங்க பேசாதீங்க. ரெண்டு நிமிஷம் அமைதி. ரெண்டு நிமிஷம்ங்கறது நடத்தறவங்களுக்கு ரொம்ப நீளம், வியர்க்கும், ஏதாவது சொல்லணும்னு துடிக்கும், சொல்லாதீங்க.

அப்புறம் ஒவ்வொருத்தரா கேளுங்க, ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க, பண்ணிட்டு திரும்பவும் கேளுங்க. வாக்கியம் கொடுக்கும்போது "சொல்லிப் பாருங்க, பொருந்தலன்னா விட்டுடுங்க"ன்னு கூடவே சொல்லுங்க, "இது உங்களோடது, உங்ககிட்டயே விட்டுடறேன்" மாதிரி சின்னதா, அவங்க பேச்சு வழக்குலயே. ஓரளவு அமைதி வந்ததும் க்ளையண்ட்ட அவரோட பிரதிநிதி இடத்துல நிக்க வைங்க. எல்லாம் சரியாகற வரைக்கும் இழுக்காதீங்க, ஒரு சின்ன அசைவு வந்துச்சுன்னா அங்கயே முடிங்க.

நடுவுல யாராவது கண்ணு வெறிச்சு, கூப்பிட்டா கேக்காம, மூச்ச பிடிச்சுட்டு நின்னா கான்ஸ்டலேஷன அங்கயே நிறுத்துங்க. பேர் சொல்லி கூப்பிட்டு, உட்கார வச்சு, கால தரைல அழுத்தச் சொல்லி, ரூம்ல தெரியற அஞ்சு பொருள் பேர் சொல்லச் சொல்லுங்க. அழுகை வேற, இது வேற. நிறைய பேர் இத "ஆழமான விடுதலை"ன்னு நினைச்சு மேல மேல தள்ளறாங்க.

ஒண்ணு மட்டும் எப்பவும் பண்ணாதீங்க, கான்ஸ்டலேஷன்ல தெரிஞ்சத வச்சு நடந்த உண்மைன்னு எதையும் அறிவிக்காதீங்க. "உங்க அம்மாவுக்கு ஒரு கருக்கலைப்பு நடந்திருக்கு", "இவர் உங்க நிஜ அப்பா இல்ல", "சின்ன வயசுல உங்கள யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க" இப்படியெல்லாம் சொல்லி, அத நம்பி வீட்டுக்குப் போய் சண்டை போட்டு, வருஷக்கணக்கா பேசாம இருக்கற குடும்பங்கள நான் பார்த்திருக்கேன். ஒரு பிரதிநிதிக்கு வயிறு வலிச்சது, அவ்ளோதான் நமக்குத் தெரியும்.

முடிஞ்சதும் எல்லாரும் வேஷத்த கழட்டற வரைக்கும் அடுத்தது ஆரம்பிக்காதீங்க. பார்த்தத வெளிய பேசக் கூடாது, க்ளையண்ட்கிட்ட போய் "எனக்கு என்ன தோணுச்சுன்னா"ன்னு யாரும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு குரூப்புக்கு சொல்லிடுங்க. க்ளையண்ட்கிட்ட, கொஞ்ச வாரத்துக்கு டிவோர்ஸ், சொத்து, வேலைய விடறது மாதிரி பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவருக்கு ஏற்கனவே ஒரு தெரபிஸ்ட் இருந்தா அவங்ககிட்ட இத கண்டிப்பா பேசச் சொல்லுங்க.

அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து எழுதி வைங்க, எங்க அவசரப்பட்டேன், எங்க எனக்கு புத்திசாலியா தெரியணும்னு ஆசை வந்துச்சு, எந்த வாக்கியத்த நான் திணிச்சேன். அத அப்படியே சூப்பர்வைசர்கிட்ட கொண்டு போங்க. மறுநாளும் ஒரு வாரம் கழிச்சும் க்ளையண்ட்டுக்கு ஃபோன் பண்ணி தூக்கம் எப்படி இருக்கு, சாப்பிடறீங்களான்னு மட்டும் கேளுங்க, கான்ஸ்டலேஷனப் பத்தி அவங்களா எடுத்தா மட்டும் பேசுங்க.